வந்த அன்று எங்கே படுத்தோம்?



இந்தக் கேள்வியை நம் சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் இரயிலேறி, கையில் ஒரு தகரப் பெட்டியும் சட்டைப் பையில் ஒரு முகவரிச் சீட்டுமாக இந்த மும்பையில் வந்து இறங்கினோமே, அன்றிரவு எங்கே படுத்தோம்?

ஊர்க்காரர் ஒருவருடைய பத்துக்குப் பத்து அறையில், ஏற்கெனவே எட்டுப் பேர் படுத்திருந்த தரையில், ஒன்பதாவது ஆளாகக் காலை மடக்கிக்கொண்டு படுத்தோம். அவர் நம்மைக் கேட்டது என்ன? 'சாப்பிட்டாயா?' என்று கேட்டார். 'எந்த ஊர்?' என்று கேட்டார். 'எந்தத் தெரு?' என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்காமல் பாயை விரித்தவர்களால்தான் நாம் இன்று இந்த நகரத்தில் குடும்பமாக வாழ்கிறோம்.

1966இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியர்களுக்கு எதிராக இயக்கம் நடத்திய நாள்களில், 'லுங்கியை அகற்று' என்ற முழக்கத்தோடு விரட்டப்பட்டவர்கள் நாம். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை வைத்துப் பெங்களூரில் குடிசைகள் எரிந்தபோது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நம் உறவினர்கள். வெளியே தள்ளப்படுவது என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் நம் சங்கம்.

அப்படிப்பட்ட சங்கம், சென்ற மழைக்காலத்தில் ஒரு பிள்ளைக்குக் கதவைச் சாத்தியது. பிறர் சொல்லி வெளியே வருவதற்கு முன் நாமே அதை இங்கே எழுதிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

பையனுக்கு வயது 19. பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். தாய் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்துக் கொடுக்க, தகப்பன் அதைத் தலையில் சுமந்து விற்று வளர்த்த பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவன். அவனுடைய நாட்டம் பெண்கள்மேல் இல்லை, தன்னையொத்த ஓர் இளைஞன்மேல்தான் என்பது அவன் கைப்பேசியிலிருந்த செய்திகளால் வீட்டுக்குத் தெரிந்தது. தகப்பன் அடித்தார். தாய்மாமன் வந்து அடித்தார். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, உடுத்த துணியோடு வெளியே தள்ளித் தாழிட்டார்கள். இரவு மணி பதினொன்று. கொட்டும் மழை.

அவன் வேறு எங்கும் போகவில்லை. நம் படிப்பகத்துக்குத்தான் வந்தான். சிறு வயதில் அவன் தமிழ் எழுத்துப் படித்த இடம் அது.

அங்கே நிர்வாகிகள் மூவர் இருந்தார்கள். கூடிப் பேசினார்கள். 'இது குடும்ப விவகாரம். காலையில் உன் அப்பாவை அழைத்துக்கொண்டு வா' என்று சொல்லிக் கதவைப் பூட்டினார்கள். அப்பா வெளியே தள்ளிய பிள்ளையிடம் அப்பாவை அழைத்து வா என்பது எந்த ஊர் நியாயம்?

பதினோரு இரவுகள் அவன் இரயில் நிலைய நடைமேடையில் படுத்தான். மூன்றாம் இரவு செருப்புப் போயிற்று. ஐந்தாம் இரவு, சோறு வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப் போன ஒருவன் செய்ததை இங்கே எழுத மாட்டோம். புகார் கொடுக்கப் போன இடத்தில் அவனையே குற்றவாளியாக்கிக் கேள்வி கேட்டு விரட்டினார்கள். பன்னிரண்டாம் நாள், கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாள் ஒருவர், 'ஏம்ப்பா, நீ இட்லிக்காரம்மா மகன்தானே?' என்று அடையாளம் கண்டு, கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். இன்றும் அவன் அங்கேதான் இருக்கிறான்.

அந்த அம்மாள் நம் சங்கத்தில் உறுப்பினர்கூட அல்லர். சந்தா பாக்கி என்று சென்ற ஆண்டு அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தவர்கள் நாம்.

இது ஒரு வீட்டுக் கதை அன்று

'ஏதோ ஒரு பையன், ஏதோ ஒரு வீடு' என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆணாகப் பிறந்தவர் என்று சொல்லப்பட்டும் தம்மைப் பெண்ணாக உணரும் திருநங்கையர், பெண் என்று வளர்க்கப்பட்டும் தம்மை ஆணாக உணரும் திருநம்பியர், தம் பாலினத்தாரையே விரும்பும் தன்பாலீர்ப்பாளர் ஆகிய இவர்கள் எல்லாருக்கும் வாழ்க்கையில் விழும் முதல் அடி, பெரும்பாலும் சொந்த வீட்டில்தான் விழுகிறது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்காக டில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் 2017இல் நடத்தப்பட்ட ஆய்வில், பெற்றோருடன் வாழும் திருநர் வெறும் 2 விழுக்காடுதான் என்று தெரியவந்தது. மற்ற 98 பேர் எங்கே போனார்கள்?

அவர்களில் பலர் இரயிலேறினார்கள். நாம் ஏறிய அதே இரயில்தான். நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த அ. ரேவதி, பதின்பருவத்தில் வீட்டை விட்டு ஓடி, டில்லிக்கும் பின்னர் இந்த மும்பைக்கும் வந்து சேர்ந்த கதையைத் தம் 'வெள்ளை மொழி'யில் எழுதியிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பியபோது அவரை அடித்தவர்கள் உடன்பிறந்த அண்ணன்மார். திருச்சிக்காரரான லிவிங் ஸ்மைல் வித்யா, மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். புனேயில் இரயில் பெட்டிகளில் கைநீட்டிப் பிழைக்க நேர்ந்ததை அவரும் எழுதியிருக்கிறார். பிழைப்புத் தேடி வந்த நமக்கு ஊர்க்காரர் வீடு இருந்தது. உயிர் பிழைக்க வந்த இவர்களுக்கு எந்த ஊர்க்காரர் வீடு திறந்தது?

திறந்த வீடு ஒன்று உண்டு. அது திருநங்கையரின் சொந்த ஜமாத். குரு என்றும் சேலா என்றும் உறவு வைத்து, பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளைக்குச் சோறும் கூரையும் தந்தது அதுதான். அதை இழித்துப் பேசும் தகுதி நமக்கு இல்லை. ஆனால் அந்தக் கூரைக்கும் ஒரு விலை இருந்தது. வேறு வேலை தர யாரும் முன்வராத நாட்டில், கடை கேட்டும் உடலை விற்றும் அந்த விலையைக் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கூரையும்கூடத் திருநம்பிக்கு இல்லை; பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு இல்லை. பெண் பிள்ளை என்றால் கதவு வேறு விதமாக வேலை செய்கிறது. வெளியே தள்ளுவதற்குப் பதில் உள்ளே வைத்துப் பூட்டி, கிடைத்த மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்கிறார்கள். தப்பி ஓடினால் அவளும் வீடற்றவள்தான்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. 'கரிமா கிருஹ்' என்ற பெயரில் திருநருக்கான தங்குமிடங்களை 2020இல் மத்திய அரசு தொடங்கியது. முதல் கட்டத்தில் நாடு முழுவதும் 12 இல்லங்கள். ஓர் இல்லத்துக்கு 25 பேர் என்பது கணக்கு. கூட்டிப் பாருங்கள்: 300 பேர். 2011 மக்கள் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என்று பதிவானவர்கள் 4,87,803 பேர். அந்த 300 பேருக்கான பணமும் காலத்தில் வராமல், இல்லங்கள் வாடகைக்கே திண்டாடிய செய்திகளைப் பின்னர் படித்தோம். திருநர் அல்லாத தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்கு அந்தப் பாயும் கிடையாது.

என்ன சொல்கிறார்கள்?

நிர்வாகக் குழுவில் நாம் இதை எழுப்பியபோது நான்கு மறுப்புகள் சொன்னார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: 'இது தமிழ்ப் பண்பாடு அன்று, மேல்நாட்டுச் சரக்கு.' அப்படியா? இத்தகையோரைக் குறிக்கும் சொற்களைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணையில் வைத்தே பேசுகிறது. சித்திரை மாதத்துக் கூவாகம் திருவிழா எந்த மேல்நாட்டில் நடக்கிறது? மேல்நாட்டிலிருந்து வந்தது ஒன்று உண்டு: 1860இல் வெள்ளைக்கார அரசு எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. மனமொத்த இருவரின் அன்பைக் குற்றமாக்கியது அந்தப் பிரிவுதான். 2018 செப்டம்பர் 6ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமித்து, வயது வந்தோர் இசைவோடு வாழும் வாழ்வுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பளித்தார்கள். வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தை நம் பண்பாடு என்று தோளில் தூக்கிச் சுமப்பவர்கள் யார் என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

இரண்டு: 'இது ஒரு வியாதி. நல்ல டாக்டரிடம் காட்டினால், கோயிலில் மந்திரித்தால் தெளிந்துவிடும்.' உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று நம் நாட்டுத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. நோயே இல்லாத இடத்தில் மருந்து விற்பவனுக்கு, வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். தாயத்துக் கட்டியும் சூடு வைத்தும் பிள்ளையைக் குணப்படுத்தியதாகச் சொல்லிக்கொள்ளும் வீடுகளைப் பாருங்கள். அங்கே பிள்ளை குணமாகவில்லை, வாயை மூடிக்கொண்டது. சில வீடுகளில் தூக்குக் கயிற்றைத் தேடிக்கொண்டது.

மூன்று: 'போலீஸ் வரும்; பிள்ளையைக் கடத்தினோம் என்பார்கள்; சங்கம் வழக்கில் மாட்டிக்கொள்ளும்.' இந்த அச்சம் நியாயமானது. இதற்கு விடையும் உண்டு. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்குத் தப்பி வந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் தொண்டர்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் துருவியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. அவர் என்ன செய்தார்? 'இதைப் பற்றி எனக்குத் தெரியாது' என்று ஒப்புக்கொண்டு, தாமே ஒரு மனநல நிபுணரிடம் சென்று கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7ஆம் நாள் தந்த உத்தரவில், வயது வந்தவர்கள் தம் விருப்பப்படிதான் சென்றார்கள் என்று தெரிந்தால் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை தரக் கூடாது என்றார். தங்குமிடங்களை ஏற்படுத்தச் சொன்னார். உயர் நீதிமன்ற நீதிபதி எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்கிறார். நம் நிர்வாகக் குழுவோ கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்கிறது!

அதோடு முடியவில்லை. 2025 மே மாதம், குடும்பத்தார் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண் ஒருவரைத் தம் விருப்பம்போல் வாழ விட்ட அதே உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு அடிப்படை என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று கூறியது. திருநங்கையரையும் திருநம்பியரையும் வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ வெளியேற்றுவதைத் தண்டனைக்குரிய குற்றமாகவே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு எழுதியது. ஆகவே, வழக்குக்கு அஞ்ச வேண்டியவர் பிள்ளைக்குப் பாய் விரித்தவரா, வெளியே தள்ளியவரா?

18 வயது நிரம்பாத பிள்ளை வந்தால் முறை வேறு. அந்தப் பிள்ளையை நாமாக வைத்துக்கொள்ளக் கூடாது. உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அதுவரை கூடவே இருந்து சோறு போட்டு, குழுவின் முன் துணைக்கு நிற்பது நம் வேலை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது 'மாட்டிக்கொள்வோம்' என்பது வெறும் சாக்கு.

நான்கு: 'நமக்கு ஆயிரம் வேலை. ரேஷன் கார்டு, தமிழ்வழிப் பள்ளி, தாராவி மறுகட்டமைப்புக் கணக்கெடுப்பு. இதற்கிடையில் இது எதற்கு?' நாமும் அதே கணக்கெடுப்பைச் சொல்கிறோம். 2000 ஜனவரி 1க்கு முன் குடியிருந்ததற்குக் காகிதம் காட்டு, வீடு தருகிறேன் என்று சொல்லப்பட்டபோது நாம் பட்ட பாடு என்ன? பழைய மின்கட்டண ரசீதுக்காகப் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தோமே! காகிதம் இல்லாதவன் மனிதனே இல்லை என்று நடத்தப்படும் வேதனை நமக்குத் தெரியும். வெளியே தள்ளப்பட்ட பிள்ளையின் ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் தாழிட்ட வீட்டுக்குள்ளே இருக்கின்றன. அவன் வேலைக்குப் போக முடியாது. அறை வாடகைக்கு எடுக்க முடியாது. கூரைக்கும் காகிதத்துக்கும் போராடுவது நம் சங்கத்தின் வேலை என்றால், இதுவும் அதே வேலைதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அந்தத் தகப்பனை நாம் அரக்கன் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார். இச்செய்தி ஊருக்குப் போனால் சம்பந்தம் நின்றுவிடும் என்பது அவர் பயம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் எந்த இரகசியமும் நிற்காது. கோபம் வந்தால் ஒதுங்கிப் போக இன்னோர் அறையும் இல்லை. இதையெல்லாம் அறிவோம்.

ஆனால் ஐயா, ஊர் என்ன சொல்லும் என்று நடுங்குகிறீர்களே, முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் உங்களுக்குச் சோறு போட்டிருந்தால் நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்? உங்கள் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்த ஊர் அது. அதன் வாய்க்குப் பயந்து, உங்கள் இட்லிக் கூடையைச் சிறுவயதில் கூடவே சுமந்த பிள்ளையை நடைமேடையில் விட்டீர்களே!

தாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூக்கட்டும் அம்மாளின் வீட்டு வாசலில் தினமும் விடியற்காலை ஒரு பொட்டலம் இருக்கிறது. பிரித்தால் ஆறு இட்லி. யார் வைத்தது என்று அவரும் கேட்பதில்லை, பையனும் கேட்பதில்லை. இந்தத் தாய் தம் பிள்ளைக்குப் பகலில், எல்லார் முன்னிலையிலும் இட்லி கொடுக்கும் நாள் வர வேண்டும். அதற்குத் துணை நிற்பதும் தொண்டர் வேலையே.

தொண்டு என்றால் என்ன?

மேடை போட்டுப் பேசுவதைத் தொண்டு என்று நாம் சொல்லவில்லை. பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதும் தொண்டு ஆகாது. நாம் கேட்பது மிகச் சிறியது.

படிப்பகத்தின் மாடி அறை ஆண்டில் பத்து மாதம் பழைய நாற்காலிகளுக்குத்தான் பயன்படுகிறது. அதில் நான்கு பாய், ஒரு விளக்கு, உள்ளேயிருந்து போடும் தாழ்ப்பாள் வேண்டும். இரவில் முறை வைத்து இரண்டு தொண்டர்கள் கீழே படுக்க வேண்டும். எப்போதும் இருவர், தனியாக ஒருவர் கூடாது. வந்தவரின் பாதுகாப்புக்காகவே இந்த விதி. பெண் பிள்ளை வந்தால் மகளிர் அணியினர் இருப்பார்கள். சோற்றுக்கு ஒரு வீடு மாதம் ஒரு வேளை பொறுப்பேற்றால் போதும்.

வந்தவரிடம் 'சாப்பிட்டாயா, அடிபட்டிருக்கிறதா' என்று கேளுங்கள். 'நீ ஆணா பெண்ணா, எப்போதிலிருந்து இப்படி' என்று கேட்காதீர்கள். எந்தப் பெயரைச் சொல்லி அழைக்கச் சொல்கிறாரோ, அந்தப் பெயரால் அழையுங்கள். தம் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் நாளே சொல்லிவிட்டது. வந்திருக்கும் செய்தியை ஊருக்கோ உறவுக்கோ சொல்லாதீர்கள்; வாட்ஸ்அப்பில் படம் போடாதீர்கள். சான்றிதழ்களை மீட்க வீட்டுக்குப் போகும்போதும், புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போகும்போதும் கூடப் போங்கள். தனியாகப் போகும் பிள்ளையை விரட்டுவார்கள். சங்கத்துக்காரர் நால்வர் கூட நின்றால் நாற்காலி போடுவார்கள். வீட்டாரோடு பேச வேண்டுமா என்பதை வந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். 'சமாதானம்' என்ற பேரில் மறுபடி அடிக்குள் தள்ளிவிடாதீர்கள்.

தோழர்களே! அடுத்த மாதப் பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவருகிறோம். மாடி அறையைத் திறந்துவிட வேண்டும். தொண்டர் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும். பூக்கட்டும் அம்மாளைச் சந்தா இல்லாத ஆயுள் உறுப்பினராக்க வேண்டும். இதை எதிர்த்து வாக்களிக்க நினைப்பவர்கள் தாராளமாக வாக்களிக்கலாம். அதற்கு முன் எழுந்து நின்று, இந்த ஊருக்கு வந்த அன்று எங்கே படுத்தார்கள், யார் இடம் கொடுத்தார்கள் என்பதைச் சபைக்குச் சொல்லிவிட்டு வாக்களிக்கட்டும்.

மாடி அறையின் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. குடும்பத்தோடு வாருங்கள், சாவியைக் கேளுங்கள்!